யாருடைய முறை?

(ஜெர்மனியில் ரைன் கரையோர நகரம் ஒன்றில் நடந்த தமிழர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புனிதப் பயணமும் பண்பாடும்' என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சட்டை எனக்குப் பொருந்தாது. அதைச் சுருக்கி, வரிசையில் நிற்பது என்ற ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் இங்கிருந்து முப்பத்தெட்டுப் பேர் மக்காவுக்கு உம்ராப் புனிதப் பயணம் போனோம். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், புத்தளம், காத்தான்குடி என்று பல ஊர்க்காரர்கள். பயணத்தில் மூன்று பேர் இருந்தாலே ஒருவரை அமீராக, அதாவது தலைவராக, வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நபிகளார் காட்டிய வழி. எனக்கு ஜெர்மன் மொழி கொஞ்சம் நன்றாக வரும் என்ற ஒரே தகுதியில் என்னை அமீராக்கினார்கள்.

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் எல்லாருக்கும் முன்னால் போய், ஒரு தள்ளுவண்டியோடு பெட்டி போடும் வரிசையில் நின்றுகொண்டேன். நம் ஆட்கள் ஒரு பக்கம் பிள்ளைக்குச் சோறு ஊட்டினார்கள், ஒரு பக்கம் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யப் போனார்கள். கவுன்ட்டர் நெருங்கியதும் கையை உயர்த்தி, "வாங்க, வாங்க, நம்ம இடம் இங்கதான்" என்று கூப்பிட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். பத்தொன்பது பெட்டிகள். எனக்கு அப்போது ஒரே பெருமை. கூப்பிட்டவர்களில் ஒருவரும் விடுபடவில்லை.

விமானம் ஏறிய பிறகு என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "உங்க பின்னாடி நின்ன அந்தப் பெரியம்மாவைப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளை முக்காடு, சக்கரம் வைத்த சின்னப் பை ஒன்று. நம் ஆள் ஒவ்வொருவர் நுழைந்தபோதும் அந்த அம்மா தன் பையை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டாராம். பதினொரு தடவை. ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

தமிழில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. "அடுத்து என் முறை" என்றால் வரிசையில் எனக்கு உரிய நேரம். "இது முறையா?" என்றால் நியாயமா என்று கேள்வி. "அவர் எனக்கு மாமன் முறை" என்றால் உறவு. வரிசை, நியாயம், உறவு மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் முடிந்து வைத்துவிட்டார்கள். மூன்றும் ஒரே திசையில் போகும்வரை தொல்லை இல்லை. அன்று ஃப்ராங்க்ஃபர்ட்டில் உறவுமுறை ஒரு பக்கம் இழுத்தது, வரிசைமுறை மறுபக்கம் இழுத்தது. நான் உறவுக்குப் போனேன். நியாயம் அந்த அம்மாவின் பையோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஜெர்மன் மொழியில் வரிசைக்கு 'ஷ்லாங்கெ' என்று பெயர். பாம்பு என்று பொருள். அவர்களுக்கு அதன் உருவம் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் கூட்டத்தில் ஒருவர் தலையை ஆட்டி, "நம்ம ஆளுங்களே இப்படித்தான், ஜெர்மன்காரனைப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். சரி, பார்ப்போம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கல்லாவில் நீண்ட வரிசை நிற்கிறது. திடீரென்று பக்கத்துக் கல்லாவைத் திறக்கிறார்கள். யார் முதலில் போகிறார்? நியாயப்படி இரண்டாவதாக நின்றவர் போக வேண்டும். கடைசியில் நின்றவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாய்கிறார். பொருளைப் பட்டையில் அடுக்கிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான். உண்மையைச் சொல்லுங்கள், நீங்களும் பாய்ந்திருக்கிறீர்கள். நானும் பாய்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நம் ஊர் அநாகரிகம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். மயோர்க்கா கடற்கரை விடுதிகளில் விடியற்காலையிலேயே சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பப் போய்த் தூங்குகிற ஜெர்மானியரைப் பற்றி ஆங்கிலேயர்கள் எத்தனை வருடமாகக் கேலி பேசுகிறார்கள் தெரியுமா? துண்டு போடுவதில் உலகம் ஒன்றுபட்டிருக்கிறது.

அதே ஜெர்மானியர் ரொட்டிக் கடையில் எப்படி நிற்கிறார்? அங்கே பல நேரம் வரிசையே இருக்காது. ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். ஆனால் உள்ளே நுழைந்தவுடன் தனக்கு முன் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் மனத்தில் குறித்துக்கொள்வார்கள். கடைக்காரப் பெண் "அடுத்தது யார்?" என்றால் சரியான ஆள் வாய் திறப்பார். அங்கே வரிசை தரையில் கிடையாது, தலைக்குள் இருக்கிறது. ஒரே மனிதர் ரொட்டிக் கடையில் கண்ணியவான், கல்லாவில் ஓட்டப்பந்தய வீரர். அப்படியானால் நாட்டையும் இனத்தையும் சொல்லி என்ன பயன்?

நாட்டுக்கு நாடு நடை மாறுகிறதா என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் யூலிஷ் என்ற ஊரில் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே மனிதக் கூட்டம் நகரும் விதத்தை ஆராய்பவர் ஆர்மின் ஸைஃப்ரீட். அவரும் கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து, ஜெர்மனியிலும் இந்தியாவிலும் ஒரே சோதனையைச் செய்தார்கள். சுற்றுப்பாதை ஒன்றில் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக நடக்கவிட்டு, ஆள் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. நெரிசல் ஏறியபோது ஜெர்மானியரின் வேகம் அதிகமாகக் குறைந்தது. அவர்களுக்கு முன்னால் நிறைய இடைவெளி வேண்டியிருந்தது. இந்தியர்கள் இடைவெளி பார்க்காமல் நெருங்கி நடந்தார்கள், நெரிசலிலும் ஓரளவு வேகம் காத்தார்கள். ஒழுங்கில்லாத இந்தியர் நடைதான் கூடுதல் பலன் தந்தது என்று ஆய்வாளர்களே ஆச்சரியப்பட்டு எழுதினார்கள்.

கை தட்டாதீர்கள். இதில் பெருமைப்பட அவ்வளவு இல்லை. நமக்கு நெருக்கம் உறுத்துவதில்லை என்பது மட்டும்தான் இதற்குப் பொருள். உறுத்தாததாலேயே ஆபத்தும் நமக்குத் தாமதமாகத் தெரியும்.

இரண்டாவது சோதனை வூப்பர்டால் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2020-ல் வெளியானது. கச்சேரிக்குள் நுழைவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லி, ஒரு குறுகிய வாசலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். வாசலுக்கு முன் உள்ள இடத்தைக் கம்பித் தடுப்பு வைத்து அகலமாக்கியும் ஒடுக்கியும் பார்த்தார்கள். அகலமாக இருந்தபோது நெருக்கியடித்தார்கள். ஒடுக்கமாக்கியதும் வரிசைபோல நின்றார்கள். தடுப்பைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் முந்தி நுழைய வழி கிடைத்தால் மனிதன் நுழைகிறான், வழி இல்லையென்றால் நிற்கிறான். நல்லவன் கெட்டவன் என்ற பேச்சுக்கு முன்னால் கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கச்சேரி வாசலில் சட்டை கசங்கும். மினாவில் உயிரே போயிருக்கிறது.

மக்காவுக்குப் பக்கத்தில் மினா. ஹஜ்ஜின் கடைசி நாட்களில் ஷைத்தானைக் குறிக்கும் ஜம்ராக்களில் கல் எறியும் இடம். 2006 ஜனவரி 12 அன்று ஜம்ராத் பாலத்தின் வாசலில் நெரிசலில் 346 பேர் இறந்தார்கள். மூட்டை முடிச்சோடு வந்தவர்களின் பைகள் கீழே விழுந்ததும், அதில் மற்றவர்கள் தடுக்கி விழுந்ததும் ஒரு காரணம் என்று அப்போதே சொன்னார்கள். அன்றைய கேமராப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் டிர்க் ஹெல்பிங், அப்போது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது இது: முதலில் கூட்டம் ஆற்று நீர்போல ஒழுகியது. பிறகு நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பேர்வரை நெருங்கினார்கள். அந்த நிலையில் ஒருவரும் தன் காலால் நடப்பதில்லை. பிறர் உடம்பின் தள்ளல் அவரை இங்கும் அங்கும் வீசுகிறது. அங்கே போன பிறகு பண்பு பேசிப் பயனில்லை. நின்று நின்று நகரும்போதே, அதற்கும் முன்பே, யாராவது பின்வாசலை மூடியிருக்க வேண்டும்.

இதில் என்னை உறங்கவிடாத விஷயம், பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதுதான். "ஏன் நகரலை?" என்று அவர் ஒரு அடி எடுத்து வைக்கிறார். அவர் செய்தது ஒரு அடிதான். அந்த ஒற்றை அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து முன்னால் ஒருவரின் மூச்சை நிறுத்துகின்றன. தள்ளியவர் யார் என்று கேட்டால் ஒருவரையும் காட்ட முடியாது.

ஹாஜிகள் படிக்காதவர்கள், முதியவர்கள், அதனால்தான் என்று யாராவது நினைத்தால் டூயிஸ்பர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலை 24. 'லவ் பரேட்' இசை விழா. இளைஞர்கள், ஒழுங்குக்குப் பேர்போன நாடு. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சரிவுப் பாதையில். 21 பேர் இறந்தார்கள். அதையும் ஹெல்பிங் பின்னர் ஆராய்ந்தார். கூட்டம் வெறிபிடித்து ஓடியதால் நேர்ந்தது என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ஏற்பாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஓட்டைகளைத்தான் காட்டினார். வழக்கு பல வருடம் நடந்து 2020-ல் தீர்ப்பில்லாமலே முடிந்தது.

மினாவில் பாடம் கற்றார்கள். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் பல அடுக்குப் பாலம் கட்டினார்கள். 950 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், போவது ஒரு வழி, வருவது ஒரு வழி. குழுக்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2015-ல் மினாவின் வேறொரு தெருவில் பெரும் நெரிசல் நேர்ந்தது. சவூதி அரசு சொன்ன கணக்கே 769 உயிர்கள்.

கட்டடமும் ஒரு வகையில் பண்பைக் கற்பிக்கும். ஷ்டுட்கார்ட் பக்கத்துக் கட்டடக்கலைஞர் போடோ ராஷ், மியூனிக் ஒலிம்பிக் கூரையை வடிவமைத்த ஃப்ரை ஓட்டோவின் மாணவர், பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர். மதீனாப் பள்ளிவாசல் முற்றத்தில் வெயிலேறும்போது விரிகிற 250 குடைகள் அவருடைய நிறுவனத்தின் வேலை. அந்தக் குடைகளின் கீழ் நின்றவர்களுக்குத் தெரியும், முன்பு நிழலுக்காக ஒருவரையொருவர் இடித்தவர்கள் இப்போது உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதுகிறார்கள். நிழல் எல்லாருக்கும் போதுமென்றால் முழங்கை தானாக மடங்கிவிடுகிறது. மதீனாப் பள்ளிவாசலின் புனிதப் பகுதியான ரவ்ழாவுக்குள் போவதும் இப்போது 'நுசுக்' செயலியில் நேரம் பதிந்துதான்.

"அப்போ எல்லாம் கம்பியும் செயலியும்தானா, நம்ம கையில ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்குக் குழு என்பதன் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

2025-ல் ஹஜ் செய்தவர்கள் சுமார் 16 லட்சத்து 73 ஆயிரம் பேர். அந்தக் கடலில் எழுபது வயது உம்மா ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரபியும் தெரியாது, விடுதியின் பெயரும் வாயில் நுழையாது. கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. அவருக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பாதுகாப்பு, முன்னால் போகிறவரின் தோள். அந்தத் தோளை விட்டால் தொலைந்தோம் என்ற பயத்தில், கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபில் கையைக் கோத்துச் சங்கிலியாகப் போகிறார்கள். குறுக்கே வருகிறவருக்கு அந்தச் சங்கிலி சுவர். வெளியிலிருந்து பார்த்தால் முரட்டுத்தனம், உள்ளேயிருந்து பார்த்தால் பயம். முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நான் தேட ஆரம்பித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே விடைதான்: விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ.

மக்கா விடுதிகளின் லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்ல இருபது நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் முன்னால் ஒரு திருவிழாக் கூட்டம். கதவு திறக்கிறது, உள்ளே நிறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு காக்கா, எங்கள் வழக்கில் அண்ணன், கையை வைத்துக் கதவைத் தடுத்து, "மாமி, நீங்க வாங்க, ஒரு ஆளுக்கு இடமிருக்கு" என்கிறார். மாமிக்குப் பின்னால் மாமியின் மகள், மகளுக்குப் பின்னால் பேரன். லிஃப்ட் கூவுகிறது. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அல்லாஹ்வின் அடியார்களை முழங்கையால் ஒதுக்குகிறோம்.

ஐந்து வேளையும் தொழுகை வரிசையான ஸஃப்பில் தோளோடு தோள் நேராக நிற்கிற சமுதாயம் லிஃப்ட் முன்னால் ஏன் இப்படி நிற்கிறது என்று ஒரு ஜெர்மன் நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். ஸஃப்பு பக்கவாட்டு வரிசை. பக்கத்தில் நிற்பவர் எனக்குக் கண்ணில் தெரிகிறார், தோளில் உரசுகிறார். இடைவெளியை நிரப்புங்கள் என்று இமாம் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். லிஃப்ட் வரிசை முன்பின் வரிசை. யாருடைய உரிமையை நான் எடுக்கிறேனோ அவர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். எனக்கு அவர் முகம் கிடையாது.

மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. ஹஜ்ஜில் சண்டை சச்சரவு ஆகாது என்பது குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. அரஃபாவிலிருந்து கிளம்பும்போது ஒட்டகங்களை விரட்டியவர்களைப் பார்த்து நபிகளார் அமைதியாகப் போகச் சொன்னார்கள், விரைவதில் நன்மை இல்லை என்றார்கள். உடல் பலம் மிகுந்த தோழர் உமர் அவர்களிடம், ஹஜருல் அஸ்வத் கல்லை முத்துவதற்காகப் பலவீனரை நெருக்க வேண்டாம், இடம் கிடைத்தால் முத்துங்கள், இல்லையென்றால் அதை நோக்கித் தக்பீர் சொல்லிவிட்டு நகருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முத்துவது சுன்னத், நபிவழி. அடுத்தவருக்கு நோவு கொடுப்பது ஹராம். சுன்னத்தை அடைய ஹராமின் வழியாகப் போவது என்ன கணக்கு?

ஆகவே இரண்டாம் தடவை போனபோது சில காரியங்களை மாற்றிக்கொண்டோம். அவை எல்லாமே சின்னச் சின்னவை. முப்பது நாற்பது பேர் ஒரே சங்கிலியாகப் போவதை விட்டு, ஆறு ஆறு பேராகப் பிரித்தோம். ஒவ்வொருவர் பையிலும் விடுதியின் பெயர் அரபியில் எழுதிய சீட்டு. பிரிந்துபோனால் இன்ன வாசலில், இன்ன நேரத்தில் சந்திப்போம் என்று முன்பே பேச்சு. பயம் பாதியாகக் குறைந்தது, இடிப்பும் குறைந்தது. பெட்டிகளை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டோம், கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து புளியும் ஊறுகாயும் இடம் மாற்றுகிற வேலை இல்லை. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் வரிசையில் நின்றோம். ஒருவர் பிந்தினால் அவர் கடைசிக்குப் போவார், அவரோடு துணைக்கு ஒருவர் போவார்.

இன்னொரு மாற்றம் எனக்கு மட்டும் உரியது. அமீர் முன்னால் நிற்பதில்லை, கடைசியில் நிற்பார் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் மந்தைக்குப் பின்னால் வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. முன்னால் நின்றபோது என் ஆட்கள் மட்டும்தான் கண்ணில் பட்டார்கள். பின்னால் நின்றபோது எனக்கு அடுத்து நிற்கிற, எங்கள் குழுவில் இல்லாத அந்த முதல் மனிதர் என் பக்கத்து ஆளாகிவிட்டார். ஒரு தடவை அவர் நைஜீரியாக்காரர். ஒரு தடவை கால் நோவோடு நின்ற துருக்கிப் பாட்டி. அந்தப் பாட்டியை எங்களுக்கு முன்னால் போகச் சொன்னதற்கு எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பின்னால் நிற்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம், ஏனென்றால் நம் இடத்தை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை உண்டு, அவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்க உரிமை இல்லை.

இங்கே இருக்கிற எல்லாரும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும், கெவெலார் மாதா திருத்தலத்துக்கும் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அங்கேயும் சோற்று வரிசை உண்டு, "அண்ணை, என்ரை ஆக்கள் முன்னுக்கு நிக்கினம்" என்று நுழைகிறவர்களும் உண்டு. கேட்கிறவர்கள் அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போவார். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க" என்று கேட்பார். சொந்தக்காரர், பங்காளி, பேச்சு நின்றுபோனவர், கடையில் பாக்கி வைத்தவர், எல்லாரிடமும். காரணம் உண்டு. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த குறையை, அவருடைய ஹக் என்ற உரிமையை, அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் பயணத்துக்கு முன் நானும் ஃபோனில் எல்லாரையும் கூப்பிட்டேன். பட்டியல் போட்டுத்தான் கூப்பிட்டேன். பட்டியலின் கடைசியில், பேர் தெரியாததால், 'சாம்பல் கோட்டு' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரிக்கு எதிரே எண் இல்லை. இன்றும் இல்லை.

வெளியே சாப்பாடு தயாராக இருக்கிறது. நான் கடைசியில் நிற்கிறேன்.